ஆறாவது தீர்மானம்

ஜூன் 8

நெல்லிவாசல்நாட்டுக் கூட்டத்தில் இன்று என் பேச்சு எடுபட்டது. "ஒரே மலைய மூணு மாவட்டத்துக்குப் பங்கு போட்டாங்களே, நாம இன்னா கூறு வெச்ச ஆட்டுக்கறியா?" என்றதும் ஒரே கைதட்டல். ஐந்து வருடம் கவுன்சிலராக இருந்து பேசாததை எல்லாம் பேசிவிட்டேன். மலைக்குத் தனி மாவட்டம் கிடைக்கும்வரை உள்ளாட்சித் தேர்தலில் யாரும் நிற்பதில்லை என்று முடிவு.

வீட்டுக்கு ஒரு கை சாமை போட்டு, ஒரே பானையில் பொங்கிச் சாப்பிட்டோம். அப்படிச் சாப்பிட்டு எடுத்த முடிவை மீறினால் ஊர் விலக்குதான். தீர்மானங்களை எழுதியது நான். ஆறாவது: விலக்கிய வீட்டாரை மலையில் எந்த ஜீப்பிலும் ஏற்றக் கூடாது. இயக்கத் தலைவர் வக்கீல் கோகுலகிருஷ்ணன் திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தார். என் கையெழுத்தைப் பாராட்டினார்.

ஜூன் 27

என் சம்பந்தி முனியன் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கப் போவதாக ஊர் ஊராகச் சொல்கிறான். "எங்க ஊருக்கு ரோடு வோணும். உங்க மாவட்டம் வர்ற வரைக்கும் பொறுக்க முடியாது" என்கிறான். இவனும்தானே அந்தப் பானையில் சாப்பிட்டான்?

ஜூன் 29

கூட்டத்தில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சொந்தம் என்று விட்டால் நாளைக்கு எவன் மதிப்பான்? முனியன் வீடு விலக்கு என்று நானே வாசித்தேன்.

என் மகள் நதியா வாழ்வது அந்த வீட்டில்தான். அவளுக்கு இப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

வசந்தி சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பெற்றவள் அல்லவா.

ஜூலை 6

வளைகாப்பு. நான் போகவில்லை. வசந்தி காட்டுவழியாகத் தனியே போய் வந்தாள். "அப்பா வர்லியான்னு ஒரு வாட்டிதான் கேட்டா."

ஜூலை 19

எழுத முடியவில்லை.

ஜூலை 22

எழுதித்தான் ஆகவேண்டும். பதினெட்டாம் தேதி, பகல் பதினோரு மணி. ஜீப் ஓட்டும் காசி போன் செய்தான். "அண்ணே, நதியாவுக்கு வலி வந்துட்ச்சி, ரத்தம் போவுதாம். முனியன் வந்து நிக்கறாரு. ஏத்தட்டுமா?"

ஏத்துடா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் இன்னா சொன்னேன்? "இரு, தலைவரக் கேட்டுட்டு சொல்றேன்."

வக்கீல் கோர்ட்டில் இருந்தார். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன் — ஒரு மணி நேரம். பெத்த பொண்ணுக்கு எவனக் கேக்கணும் நானு? பாவி, எவனக் கேக்கணும்?

கடைசியில் காசி என்னைக் கேட்காமலே ஏற்றிக்கொண்டு போனான். நதியா பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை. ஆண் குழந்தை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

குழி வெட்ட ஊரில் யாரும் போகவில்லை. முனியனும் மருமகன் அருண்ராஜும்தான் வெட்டினார்கள். நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

ஆகஸ்ட் 3

வாட்ஸ்அப்பில் வக்கீலின் குரல். தனி தாலுகா தருவதாக மேலே சொல்லிவிட்டார்களாம். அதனால் புறக்கணிப்பு ரத்து, தீர்மானங்கள் ரத்து. "நீங்களே நில்லுங்க வீரன், உங்கள வுட்டா யாரு?"

ரத்து. எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை.

ஆகஸ்ட் 4

நதியாவைப் பார்க்கப் போனேன். விலக்கை எடுத்துவிட்டார்கள் என்றேன். முட்டாள், போனதும் அதையா சொல்வது? "செரிப்பா" என்றாள். சின்னச் சின்னத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 17

நதியாவும் அருண்ராஜும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். வசந்தியும் கூடப் போனாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ் போனதும் முனியனிடம் கேட்டேன். "புள்ளைய எங்க வெச்சிருக்கீங்க?" பாதி வழிவரை முன்னால் நடந்தான். "அந்தக் கடுக்கா மரத்தண்ட. நீயே போய்க்கோ, நான் உன்கூட வர்ல."

எனக்குப் பேரன் என்று இருப்பது என் கையால் இரண்டு சாண் மண்.

வேட்புமனுவுக்கு இன்று மூன்று மணிதான் கடைசி. வக்கீல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மணி தாண்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "தாத்தா வந்துட்டேன்டா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.