அந்த வைட்டமின் மாத்திரை எனக்குத்தான்

அக்கா,

சோறு குழைவாக வடித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் உன் குடல் மாத்திரையை மறக்காமல் போடு. கழிவறைக் குழாயைச் சரிசெய்ய ரிப்பேர்காரர் வருவார். உனக்கு அவசரமாக வந்தால் அவரை வெளியே நிற்கச் சொல், கூச்சப்படாதே.

நேற்று என் பையில் வைட்டமின் டி டப்பாவைப் பார்த்துவிட்டு, “என் வியாதி உனக்கும் ஒட்டிக்கும்னு பயமா?” என்று கேட்டாய். நான் பையை மூடிக்கொண்டு போய்விட்டேன்.

பயம்தான் அக்கா. ஒட்டுமென்று இல்லை. குடல் அழற்சி கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று உன் டாக்டர் சொன்னபோது நானும்தானே பக்கத்தில் இருந்தேன்? வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அது அதிகம் வருகிறது என்று எங்கோ படித்தேன். வெயிலே படாத குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறவள் நான். பயத்தில் மாத்திரையைக் கணக்கில்லாமல் விழுங்கிவிட்டேன். இப்போது வயிற்றைப் புரட்டுகிறது.

மருந்துக்கடைக்காரர் திட்டினார். “அது குறையறதால நோய் வருதா, நோயால அது குறையுதான்னே இன்னும் முடிவாகலம்மா. டெஸ்ட் எடுக்காம இப்படி அள்ளிப் போட்டுக்கலாமா?”

அதனால் இன்று வேலைக்குப் போகவில்லை, டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன்.

செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து இதையும் எழுதுகிறேன். நீ வலியில் சுருண்டு விழும்போதெல்லாம் தூக்கி உட்காரவைக்க நான் இருக்கிறேன். எனக்கும் வந்துவிட்டால் யார் யாரைத் தூக்குவது? அதுதான் பயம்.

எழுந்ததும் போனில் கூப்பிடு. திட்டுவதற்காகவாவது கூப்பிடு.