'துயரில் வாடும்' பட்டியலில் இல்லாதவள்

காலையில் அச்சுக் கடையைத் திறந்ததும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆர்டர். மை வாடை ஏறியதுமே உன் நினைவு. செத்தும் என் பிழைப்பைக் கெடுக்கிறாய்.

இருபத்து நான்கு வயதுப் பெண். படத்தோடு வந்தவன் அவளுடைய கொழுந்தன். "விடியக்காலம் வயித்து வலின்னுச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிருச்சு. மூணு மணிக்கு எடுத்துருவோம், சீக்கிரம் அடிங்க." நம் ஜில்லாப் பெண்களின் வயிறு விசித்திரமானது, புருஷன் வீட்டில்தான் உயிர்போக வலிக்கும்.

கொல்லப்பட்ட பெண்களைக் கணக்கெடுக்கிறேன் என்று நீ அலைந்தபோது, ஒருநாள் என் கடையின் பழைய அஞ்சலி ஃபைல்களைத் திறக்கச் சொன்னாய். கல்லூரிக் காலத்திலிருந்து உனக்கு நான் 'யோவ்'தான். "யோவ், கீழ பாரு. மாமனார், பங்காளி, கவுன்சிலர் வரைக்கும் துயரில் வாடுறான். பெத்தவ பேரு எங்க?" பிறந்த வீட்டுப் பெயர் இல்லாத போஸ்டர்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பெண்களின் பிறந்த வீடுகளுக்கே போனாய். செத்தவர்களில் பலர் முன்பே போலீசில் புகார் கொடுத்துத் துரத்தப்பட்டவர்கள். அவர்கள் படத்தில் கன்னத்துத் தழும்பை அழித்து, ஓரத்தில் ரோஜாப்பூ வைத்துக் கொடுத்த கலைஞன் நான்.

கொலைகளைப் பதியும் போலீஸ் படிவத்தில் 'கொன்றவர் என்ன உறவு', 'முன்பு புகார் உண்டா' என்று இரண்டு கட்டம் சேர்க்கக் கேட்டு ஒரு கூட்டத்துக்குப் போனோம். பக்கோடா மென்றபடி அதிகாரி சொன்னார்: "அதான் குடும்பத் தகராறுன்னு ஒரு கட்டம் இருக்கேம்மா."

"அந்தக் குடும்பத் தகராறு யாரு? அவரு அட்ரஸ் குடுங்க சார், கைது பண்ணலாம்" என்றாய்.

பக்கோடா நின்றது. கட்டம் மட்டும் வரவில்லை.

இன்றைய பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள். "பொண்ணோட அம்மா?" என்றேன்.

"அவங்க வேதாரண்யம் பக்கம். அவங்க பேரு வேணாங்க."

"இடம் இருக்கு தம்பி."

"வேணாம்னா விடுங்களேன்."

நீ இருந்திருந்தால் உனக்கு போன் செய்துவிட்டு நல்லபிள்ளையாக ரோஜாப்பூ வைத்திருப்பேன். பிரிண்டர் ரிப்பேர் என்று அவனை டீ குடிக்க அனுப்பினேன். அவள் கல்யாணப் பத்திரிகையும் இங்கே அடித்ததுதான். பெண் வீட்டு நம்பர் கிடைத்தது. மகள் இறந்ததே அந்த அம்மாவுக்குத் தெரியாது. "போன மாசம் கழுத்துக் காயத்தோட வந்தா சார். ஸ்டேஷன்ல சமாதானம் பேசி அனுப்பிட்டாங்க" என்று அலறினார். அடுத்த போன் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்கு. பாடை கட்டிய பிறகு உடலை இறக்கிப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போஸ்டர் ஆர்டர் போயிற்று. கொழுந்தன் என் கண்ணாடிக் கதவை உதைத்துவிட்டும் போனான்.

அந்த அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பது, உன்னோடு அலைந்ததில், எனக்கு மனப்பாடம். முதல் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது என்பதைத்தான் நீ சொல்லாமல் போய்விட்டாய்.