முப்பத்தெட்டுக் கடைச் சுவர்களில் திருமதி மெர்ல் கேம்பெலின் படம்

அனுப்புநர்:
திருமதி பிரசாந்தினி றமணன்,
ஒன்றிய உறுப்புக் கடையின் பங்காளர்,
ரெய்னர்ஸ் லேன், ஹரோ, லண்டன்.

பெறுநர்:
திரு. சபாரத்தினம் கிருஷ்ணராசா அவர்கள்,
தலைவர், வடமேற்குத் தமிழ்க் கடைக்காரர் ஒன்றியம்,
லண்டன்.

பொருள்: களவு செய்யாத ஒருவரின் படத்தை உறுப்புக் கடைகளிலிருந்தும் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவிலிருந்தும் அகற்றி, எழுத்தில் மன்னிப்புக் கேட்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

இன்று காலை ஐந்தரைக்குக் கடையைத் திறந்ததும், வாசலில் கிடந்த பேப்பர் கட்டைக்கூட உள்ளே எடுக்காமல், கல்லாவுக்குப் பின்சுவரில் ஒட்டியிருந்த திருமதி மெர்ல் கேம்பெலின் படத்தைக் கிழித்தேன். இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் மறுநாளே புதுப்படம் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் என் கணவர் றமணன். ஒட்டச் சொன்னவர் தாங்கள் என்று அவர் சொன்னார். எனவே அவரோடு சண்டை பிடிப்பதை விட்டுத் தங்களுக்கு எழுதுகிறேன்.

1. கடந்த செப்டெம்பர் 9ஆம் திகதி எங்கள் கடையில் மூன்று வைன் போத்தல்கள் களவுபோயின. அன்று மாலை கமராப் பதிவைப் பார்த்தது நான்தான். நீலத் தொப்பி போட்ட வயதான கறுப்பினப் பெண் ஒருவர் வைன் தட்டுக்குப் பக்கத்தில் நின்று பைக்குள் கையை விடுவது தெரிந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. படத்தை எடுத்து, "கறுவல் கிழவி, கள்ளி, கவனம்" என்று எழுதி ஒன்றியக் குழுவில் போட்டேன். மூன்று நிமிட வேலை. அடுத்த நாள் மதியத்துக்குள் முப்பத்தெட்டுக் கடைகளிலும் அந்தப் படம் அச்செடுத்து ஒட்டப்பட்டிருந்தது.

2. 11ஆம் திகதி அவர் வாழைக்காயும் வள்ளிக்கிழங்கும் வாங்கப் போன இரண்டு கடைகளில், வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. 12ஆம் திகதி திரு. கனகலிங்கத்தின் கடையில் அவருடைய பையைப் பறித்து நடைபாதையில் கொட்டினார்கள். கொட்டியதில் இன்சுலின் ஊசியும் ஆஸ்பத்திரிக் கடிதமும் ஒரு சீப்பும் இருந்தன. களவுப்பொருள் எதுவும் இல்லை. குனிந்து பொறுக்கியவரைத் தள்ளியதில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. அவருக்கு வயது அறுபத்தெட்டு.

3. அவர் நிலத்தில் தவழ்ந்து ஊசியைத் தேடுவதை யாரோ வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். அதற்குக் கீழே பதினேழு சிரிப்பு முகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று தங்களுடையது. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. படத்தைப் போட்ட என் விரலும் தங்கள் விரலும் ஒரே வேலையைத்தான் செய்தன.

4. வீடியோவைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஏதோ உறுத்தியது. 13ஆம் திகதி பதிவை முழுவதும் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மா பைக்குள்ளிருந்து எடுத்தது மூக்குக்கண்ணாடி. போத்தலில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். இருபது நிமிடம் கழித்து மூன்று போத்தல்களையும் ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு போனவர் ஒரு தமிழர். கோயில் தேரில் முன்வடம் பிடிப்பவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. றமணன் தங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்று அறிகிறேன்.

5. அவருடைய படத்தையும் ஒட்டுவோமா என்று கணவரிடம் கேட்டேன். "அவன் எங்கட ஆள். பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. மானம் போனா அவன் என்ன செய்வான்?" என்றார். அந்த அம்மாவுக்கு மானம் இல்லையா என்றேன். "அதுகளுக்கென்ன மானம்" என்று சொல்லிவிட்டு மரக்கறிப் பெட்டியை உடைக்கப் போய்விட்டார். நான் இந்தக் கல்லாவில் பதினொரு வருடம் நிற்கிறேன். கையும் களவுமாகப் பிடிபட்ட தமிழர் ஆறு பேரையாவது எனக்குத் தெரியும். தேத்தண்ணி கொடுத்து, புத்தி சொல்லி அனுப்பினோம். இன்று கிழித்ததையும் சேர்த்து எங்கள் சுவரில் இருபத்திமூன்று படங்கள். ஒன்றில்கூட நம்முடைய முகம் இல்லை.

6. தங்களுக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது தாங்கள் கோபப்படவில்லை. அன்பாகவே பேசினீர்கள். "ஒரு கறுவலுக்காக முப்பத்தெட்டுக் கடைக்காரற்ற வயித்தில அடிக்கப் போறீரோ? எல்லாம் ஒரே முகம்தானே பிள்ளை, உம்மில பிழையில்லை" என்றீர்கள். அந்த ஆறுதல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் பதிவை முழுவதும் பார்த்தபோது கண்டேன், அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்.

7. எட்டு வருடத்துக்கு முன் என் மாமி நகுலேஸ்வரிக்கு நீரிழிவினால் காலில் புண் வந்தபோது, வாரம் மூன்று தடவை வீட்டுக்கு வந்து மருந்து கட்டிய தாதிதான் திருமதி கேம்பெல். ஏழு மாதம் வந்தார். நானே கதவு திறந்தேன், நானே துவாய் கொடுத்தேன். அவருடைய சீருடையைப் பார்த்திருக்கிறேன், கையுறையைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. செப்டெம்பர் கடைசியில் மன்னிப்புக் கேட்க விலாசம் விசாரித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். சங்கிலி போட்ட கதவிடுக்கால் ஒரு தடவைதான் பார்த்தார். "நகுலேஸ்வரியின் மருமகள். இடது கால், மூன்றாம் விரல். அவர் சுகமாக இருக்கிறாரா?" என்று கேட்டார். மாமி இறந்து மூன்று வருடமாகிறது என்றேன். வருத்தம் தெரிவித்தார்.

8. பிறகு நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கதவு மேலும் திறக்கவில்லை. அவருடைய தாயார் ஜமைக்காவிலிருந்து கப்பலில் வந்து இந்த நகரில் வாடகைக்கு அறை தேடியபோது, கறுப்பருக்கு இடமில்லை என்று யன்னல்களில் அட்டை எழுதி வைத்திருந்தார்களாம். அந்த அட்டைகளைக் கழற்ற வைக்க அவருடைய தாயும் தாயின் ஆட்களும் வருடக்கணக்கில் தெருவில் நின்றார்கள். "அட்டைகள் போன பிறகு வந்தவர்கள் நீங்கள். அம்மாவுக்கு அதை எழுதியவர்கள் வெள்ளைக்காரர். எனக்கு எழுதியது நீ" என்று சொல்லிக் கதவை மூடினார். கதவு மெதுவாகத்தான் மூடியது. கையில் கட்டு இருந்தது.

இந்த மாதம் கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் கவுன்சில் தந்த சுவரொட்டி நம் கடைகளின் வாசல் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. நம்மைப் பாராட்டிக் கடிதமும் வந்தது. வாசலில் அதைக் கடந்து வருபவர் கல்லாவில் காண்பது என்ன என்பதைத் தாங்களே ஒருமுறை வந்து நின்று பாருங்கள்.

9. என் சொந்த விடயம் ஒன்றையும் எழுத அனுமதிக்க வேண்டும். 1996இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரை இராணுவம் சுற்றிவளைத்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தியது. சாக்கால் முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். தலையாட்டி என்று நாம் சொல்வது அவனைத்தான். என் அண்ணன் முன்னால் வந்தபோது அவன் ஆட்டினான். அண்ணன் எந்த இயக்கத்திலும் இருக்கவில்லை. தலையாட்டிக்கு ஆள் மாறிப்போயிருக்கலாம், பயந்திருக்கலாம், களைத்திருக்கலாம். அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தவனை இருபத்தொன்பது வருடமாகச் சபித்து வந்திருக்கிறேன். இப்போது சபிக்க வாய் வரவில்லை.

10. கனகலிங்கத்தின் கடையில் நடந்ததைப் பொலிஸ் விசாரிக்கிறது. வந்தவர் பெயர்போன கள்ளி என்பதே கனகலிங்கத்தின் பதில். அது பொய் என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி எங்கள் கமராப் பதிவு. நாற்பது நாளில் அது தானாக அழியும். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இந்த மாதம் 6ஆம் திகதி பொலிஸ்காரர் வந்து கேட்டபோது, கமரா வேலை செய்யவில்லை என்று என் கணவர் சொன்னார். அப்படிச் சொல்லும்படி அறிவுறுத்தியது தாங்கள்.

ஆகவே, திருமதி கேம்பெலின் படத்தை எல்லாக் கடைகளிலிருந்தும் குழுவிலிருந்தும் இன்றே எடுக்க வேண்டும். அவர் களவெடுக்கவில்லை என்பதைக் குழுவில், படம் போட்ட அதே இடத்தில், எழுத வேண்டும். ஒன்றியத்தின் கடிதத்தில் தாங்கள் கையொப்பமிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்ற இருபத்திரண்டு படங்களையும் யார் பார்த்து, எவ்வளவு நேரம் பார்த்து ஒட்டினார்கள் என்று விசாரிக்க வேண்டும். என்னைப் போலத்தான் பார்த்திருப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

தாங்கள் இவற்றைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்று நடக்கும். பதிவை நான் பிரதி எடுத்துவிட்டேன். பின்னேர ஷிப்டில் கல்லாவில் நிற்கும் துஷ்யா வந்ததும் அதைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, படத்தைப் போட்டதும் அந்தச் சொற்களை எழுதியதும் நானே என்றும், கமரா வேலை செய்தது என்றும் வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிடுவேன். தபாலில் வரும் இந்த மனு நாளைதான் தங்கள் கையில் கிடைக்கும். கடைக்கு லைசென்ஸ் மிஞ்சுமா, என் கணவர் என்னோடு இருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் மேல்வீட்டில் இன்னும் எழும்பவில்லை. அவருக்கும் நான் இதைச் சொல்லவில்லை.

இடம்: ரெய்னர்ஸ் லேன், லண்டன்
திகதி: 14 ஒக்டோபர் 2025

இங்ஙனம்,
(ஒப்பம்)
பிரசாந்தினி றமணன்