படகை வாங்க ஆள் வருகிறார்

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

சாயங்காலம் நாலு மணிக்கு நம் வண்டியைப் பழுது பார்க்கிற மெக்கானிக் வருவார். படகை அவருக்குப் பேசி முடித்துவிட்டேன். படகுச் சங்கிலியின் சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. துடுப்பு, லைஃப் ஜாக்கெட், இரண்டு தூண்டில், வலை, எல்லாவற்றையும் கொடுத்துவிடு.

உன்னைக் கேட்காமல் விற்கிறேன் என்று கோபப்படாதே. "ஆளுக்கொரு மூலையா உக்காந்திருக்கீங்களே, சேர்ந்து ஏதாவது பண்ணுங்க" என்று நம் மகள் சொல்லித்தான் ஏரிக்குப் போக ஆரம்பித்தோம். எட்டு ஞாயிற்றுக்கிழமை போனோம். படகிலும் ஆளுக்கொரு முனையில்தான் உட்கார்ந்தோம். சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும் என்பது பேசாமலிருக்க நல்ல சாக்காகப் போயிற்று.

போன ஞாயிறு என் தூண்டிலில் பெரிய மீன் மாட்டியது. வலையை நீட்ட எழுந்த நீ தண்ணீரில் விழுந்தாய். நான் தூண்டிலை விடவில்லை. நீயே விளிம்பைப் பிடித்து ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டே, "மீன் தப்பிச்சிடலையே?" என்று கேட்டாய். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் கை கொடுக்காதது உனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

ஐந்து நாளாக மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறேன். உன் முகத்தைப் பார்த்ததும் "காபி வேணுமா?" என்றுதான் வருகிறது.

தாளில் இடமில்லாததால் ஓரத்தில் பொடியாக எழுதுகிறேன். மெக்கானிக் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். இரண்டு பேரும் சேர்ந்து மீன்பிடிக்கப் போகிறார்களாம். எப்படியிருக்கும் என்று அந்தம்மா உன்னைக் கேட்டால், விடியற்காலையில் ஏரி ரொம்ப அழகாக இருக்கும் என்று மட்டும் சொல்.