தகரக் கூரை வழியே வந்த சூரியன்

என் அன்பு வாய்க்காரி மச்சாளுக்கு,

உனக்கு விருது கிடைத்திருக்கிறது. விஞ்ஞானத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டு போனவர்களுக்குக் கொழும்பில் கொடுக்கிற விருது. நீ படிப்பித்த பள்ளிக்கூடத்து அதிபர் வீட்டுக்கே வந்து சொன்னார். அவர் வாசல் படலையைத் தாண்டுமுன்பே உன் மாமி, அதுதான் என் அம்மா, கல்லடித் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். "என்ட மருமகளுக்குக் கொழும்பில பரிசு கிடைச்சிரிக்குகா!"

சிரிக்காதே. அந்தக் கிரகணத்தன்று உன்னைத் திட்டித் தீர்த்தவரும் இதே அம்மாதான்.

ஷெல்லடிக்குப் பயந்து பாதி ஊர் உன் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த காலம். சூரிய கிரகணம் என்றதும் வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்கள் எல்லோரும் இருட்டு மூலை தேடினார்கள். நீயும் நிறைமாதம். விஞ்ஞான ரீச்சர் என்ன செய்யப்போகிறாள் என்று எல்லாக் கண்ணும் உன் வயிற்றில்தான். பிள்ளைக்கு ஒரு சின்னக் குறை வந்திருந்தால், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நீ சொன்னதைக்கூடப் பிறகு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"வெளிய கால் வெச்சியெண்டா பாரு," என்றார் அம்மா.

"நான் வெளிய போகல்ல மாமி. உள்ளுக்கதான் இரிக்கப் போறன். சூரியன் தன்ட பாட்டில வரும்," என்றாய்.

வந்தது. துப்பாக்கிச் சன்னம் துளைத்த தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக இறங்கி, சிமெந்துத் தரையெங்கும் குட்டிக் குட்டிப் பிறைகளாக விழுந்தது. சின்ன ஓட்டை வழியே வரும் வெளிச்சம் சூரியனின் உருவத்தையே கொண்டுவரும் என்று நீ சொல்லச் சொல்ல, மூலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து கை நீட்டினார்கள். உன் வயிற்றின்மேலும் ஒரு பிறை. அம்மா மட்டும் கடைசிவரை கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். உனக்குப் பயமே இருக்கவில்லையா மச்சாள்?

உன் மகள் ஒரு குறையுமில்லாமல் பிறந்தாள். வாய் மட்டும் அப்படியே உன்னுடையது. அவள் நடை பழகுமுன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பாதை பூட்டியிருந்தது, மருந்து வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விருதை யார் வாங்குவது என்று அதிபர் கேட்டபோது உன் புருஷன், என் அண்ணன், உன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அம்மாதான் உன் மகளை முன்னே தள்ளினார். "ஊரே பயந்தது இவள நினைச்சித்தானே. இவளே போய் வாங்கட்டும்!"

சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி எல்லோருமாகப் போகிறோம். மேடையில் உன் பெயரைச் சொல்லும்போது நான் அழமாட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருப்பேன்.

மண்டபத்துக்கு இப்போது புதுத் தகரம் போடுகிறார்கள். பழையதில் ஒன்றை, நல்ல ஓட்டைகளாகப் பார்த்து, கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த கிரகணத்தன்று அதை முற்றத்தில் உயரத் தூக்கிக் கட்டுவேன். உன் மகளின் உள்ளங்கையில் சூரியன் விழும். பக்கத்தில் உன் மாமியும் கை நீட்டிக்கொண்டு நிற்பார். அதற்கு நான் பொறுப்பு.

சண்டை பிடிக்க நீ இல்லாமல் தவிக்கும்
உன் மச்சாள்