கப்பல் வந்தது உண்மைதான்

சேசு மரி சூசை துணை

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பிறகு

அன்பு மகன் பென்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் சாப்பாடும் தூக்கமும் குறையில்லாமல் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் அந்தக் கனடாக் குளிரில் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்றைய பூசையில் கேட்டுக்கொண்டேன், கேட்டதோடு விடாமல் நீ தலைக்குக் குல்லா போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீர் மறுபடியும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆகிவிட்டது, டிரம் இரண்டையும் நிரப்பி வைத்திருக்கிறேன். போன வாரக் காற்றில் பின்பக்கத்துத் தகரம் ஒன்று கழன்றுவிட்டது, சரி செய்ய வந்தவர் அளவெடுத்துக்கொண்டு போனார், அளவு அவரிடமும் ஓட்டை என்னிடமும் இருக்கின்றன. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது, போனில் ஆரம்பித்தால் நீ பாதியில் விடுங்கம்மா என்று எனக்குப் பரிந்து பேசுவாய், எனக்கு இப்போது யாரும் பரிந்து பேச வேண்டாம், முழுவதையும் படி.

நான் கல்லூரிக்குப் போவது உனக்குத் தெரியும். பங்குக் கோயில் நர்சரியில் இத்தனை வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவளிடம், இனிமேல் சர்ட்டிபிகேட் இல்லாமல் வகுப்பு எடுக்கக் கூடாதாம் அம்மா என்று சிஸ்டர் கேத்தரின் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அதற்கென்ன, வாங்கிவிட்டால் போகிறது என்று சொல்லிவிட்டு மறுவாரமே மழலையர் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். வகுப்பு எடுக்காவிட்டாலும் நர்சரியைத் திறந்து பூட்டுவதும் பிள்ளைகளை வாசலில் கொண்டுபோய் விடுவதும் இன்னும் என் வேலைதான். வகுப்பில் மற்ற எல்லோரும் சின்னப் பெண்கள், என்னை ஆன்ட்டி என்பார்கள். முதல் நாளே எங்கள் வைஜெயந்தி மிஸ் விதிமுறைத் தாள் ஒன்று கொடுத்தார். வகுப்பு தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு வருகைப்பதிவு கிடையாது, போன் பையை விட்டு வெளியே வரக் கூடாது, பயிற்சி நோட்டை அவரவரே எழுத வேண்டும், முக்கால்வாசி நாளாவது வராதவர்கள் பரீட்சை எழுத முடியாது, வெளித் தீவுகளிலிருந்து வரும் மாணவிகளுக்குக் கப்பல் ரத்தான நாட்கள் மட்டும் விடுப்பில் சேராது, கட்டணக் கஷ்டமோ விடுதிக் கஷ்டமோ மனக் கஷ்டமோ இருந்தால் மாடியில் மாணவர் உதவி மையத்துக்குப் போகலாம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. எங்கள் கான்வென்ட் மதர் எழுதியது போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

எங்கள் வகுப்பில் ப்ரியங்கா என்று ஒரு பெண், கச்சால் தீவு. அவள் தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சாலுக்கு ரப்பர் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று ஊருக்குப் போனவள் சொன்ன நாளில் திரும்பவில்லை. வந்த பிறகு வைஜெயந்தி மிஸ் பதிவேட்டைத் திறந்து கேட்டபோது, கப்பல் கேன்சல் மிஸ், அடுத்த கப்பலுக்குத்தான் வர முடிந்தது என்றாள். மிஸ் சரி என்று பேனாவை எடுத்தார். அப்போது நான் எழுந்து நின்றேன், பென்னி. யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தக் கப்பல் கேன்சல் இல்லை மிஸ், கச்சாலுக்குப் போய் வந்தது, காலையில் ரேடியோவில் கப்பல் செய்தி சொன்னார்கள், ஹேடோ துறைமுகத்தில் அது வந்து நின்றதை நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன் என்றேன். உனக்குத்தான் தெரியுமே, துறைமுகத்து வேலை உன் அப்பாவோடு போய்விட்டாலும் கப்பல் செய்தி கேட்காமல் எனக்குக் காலைக் காப்பி இறங்காது. பின்னால் இருந்த பெங்காலிப் பெண், ஆன்ட்டிஜி ஆப் ஆகாஷ்வாணி ஹோ க்யா, நீங்கள் என்ன வானொலி நிலையமா என்று கேட்டாள், இரண்டு பேர் சிரித்தார்கள். மிஸ் மட்டும், இந்த வயதிலும் என்ன ஞாபகம் பாருங்கள் என்றார். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்தப் புகழ்ச்சியை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். அன்று ராத்திரி மீன் குழம்புகூட ருசியாக இருந்தது.

மறுவாரம் பரீட்சைக்குத் தகுதியானவர்களின் பெயரை ஒட்டினார்கள், அதில் அவள் பெயர் இல்லை. பொய் சொன்னால் இப்படித்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வகுப்புக்கு மாடி ஏறினேன். உதவி மையத்து வாசல் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலியால் நானும் அதே படியில் உட்கார வேண்டியதாயிற்று. கப்பல் வந்ததா இல்லையா என்று கேட்டேன், அங்கேயும் எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், வந்திச்சு ஆன்ட்டி, டிக்கெட்தான் கெடைக்கல்ல, விடியறதுக்கு முன்னுக்கே போய் லைன்ல நின்னேன், கவுண்டர் தொறந்த கையோட முடிஞ்சிருச்சுன்னாங்க, கப்பல் போறத ஜெட்டிப் பாலத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் என்றாள். அதை அப்படியே மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். மிஸ் தந்த பேப்பர்ல கப்பல் கேன்சலுக்குத்தான் லீவு இருக்கு, டிக்கெட் இல்லாததுக்கு இல்லையே என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்க எப்பயாச்சும் டிக்கெட் லைன்ல நின்னிருக்கீங்களா ஆன்ட்டி என்று கேட்டாள்.

நின்றதில்லை பென்னி. நிக்கோபாருக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் உன் அப்பா சாயங்காலம் வரும்போது சட்டைப் பையில் டிக்கெட்டோடு வருவார். கப்பல் வந்தால் ஏற வேண்டியதுதான் என்று இந்த வயது வரை நினைத்திருக்கிறேன். இந்தத் தீவில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒன்று துறைமுகத்துக்காரர் மனைவிக்குத் தெரியவில்லை. கச்சாலில் மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை ஒன்று இருக்கிறது, இந்த வருஷம் சர்ட்டிபிகேட் கொண்டுபோனால் அவளுக்கு, இல்லாவிட்டால் வேறொருத்திக்கு. அப்பாவால் இனி ரப்பர் மரம் சீவ முடியாது, அந்த வீட்டில் சம்பாதிக்கப்போவது அவள் ஒருத்திதான். இதெல்லாம் தெரியாமல் பேசினேன் என்றுகூட நான் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள நினைக்கவில்லை என்பதுதான் சரி.

நேரே வைஜெயந்தி மிஸ்ஸிடம் போய், டிக்கெட் கிடைக்காததும் கப்பல் இல்லாததும் ஒன்றுதானே மிஸ் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, போன வருஷமே கேட்டேன் ஆன்ட்டி, ஒருத்திக்கு விட்டால் நாளைக்கு எல்லோரும் டிக்கெட் இல்லை என்பார்கள் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார் என்றார். போன மாதம் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த வருஷத் தாளில் எப்படியாவது சேர்க்கப் பார்க்கிறேன், இந்த வருஷத்துக்கு உங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி, துறைமுகத்து மிக்கேல் சார் வீட்டு அம்மா சொன்னார்கள் என்று பிரின்சிபால் கப்பல் ஆபீஸில்கூட விசாரிக்கவில்லை என்றார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, கப்பல் வந்த நாளைக் குழப்பிக்கொண்டேன் என்று நீங்களே வந்து சொன்னால் முடிந்துவிடும், ஆனால் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார்.

மறுநாள் பிரின்சிபால் அறையில் போய்ச் சொன்னேன். வயதாகிவிட்டது சார், வேறொரு நாள் வந்த கப்பலை நினைத்துச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் எழுந்து நாற்காலி போட்டு, சாய் கொண்டுவரச் சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று வெளியே வந்தால் ப்ரியங்கா நின்றிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கிளாஸ்ல எல்லார் முன்னுக்கும் சொன்னீங்க, மாத்திச் சொல்றது மட்டும் கதவ சாத்திக்கிட்டுத்தானா, எல்லாரும் என்னைய இன்னும் பொய்க்காரின்னுதான் பாக்குறாங்க என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொன்னது நீதானே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மத்தியானம் வகுப்பில், முன்பு நின்ற அதே இடத்தில் எழுந்து நின்று, நான் சொன்னது தப்பு, நாள் மாறிவிட்டது, ப்ரியங்காவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். பரவாயில்லை ஆன்ட்டி, எங்க நானிப் பாட்டியும் இப்படித்தான் என்று பெங்காலிப் பெண் ஆறுதல் சொன்னாள். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். ப்ரியங்காவுக்கு ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது. என்னோடு பேசுவதில்லை, பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னும் போகவில்லை. பொய்க்கு மனஸ்தாபப்படுகிறாயா என்று சாமியார் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டி வரும். உண்மையைச் சொன்ன நாளை நினைத்தால்தான் நெஞ்சு வலிக்கிறது, அதைப் பத்தில் எந்தக் கட்டளையில் சேர்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உன்னிடமும் ஒரு காரியம் இருக்கிறது. அங்கே நீ பாடம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுதிய விதிமுறைத் தாளை எனக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா, காரணம் சொல்லாமலே இரண்டு தடவை தாமதமாக எழுதித் தரலாம், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் இன்ன அறையில் அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று. நான் அதில் காற்புள்ளிகளைத் திருத்திவிட்டு, இது கல்லூரியா சத்திரமா என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நீ பதில் சொல்லவில்லை. என் மேல் கோபமில்லை என்றால் அதை மறுபடி அனுப்பு, வைஜெயந்தி மிஸ் அடுத்த வருஷத் தாளை எழுதும்போது காட்ட வேண்டும். திருத்தம் செய்ய மாட்டேன்.

தேவமாதா உன்னையும் மருமகளையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கையில் படிக்கிற பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நான் வகுப்பில் சொன்னது சிஸ்டர் கேத்தரின் காதுக்கு எட்டிவிட்டது. பிள்ளைகளை வாசல் கேட்டுக்குத் தனியாக அழைத்துப் போக வேண்டாம் அம்மா, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று நர்சரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இந்த வாரம் உனக்குப் போன் செய்து, அம்மாவுக்கு ஞாபகம் எப்படி என்று கேட்பார். எங்கள் அம்மாவுக்கா என்று நீ சிரிப்பாய். சிரித்துவிடாதே. நான் எதையும் குழப்பிக்கொள்ளவில்லை என்பது சிஸ்டருக்குத் தெரிந்தால் கல்லூரிக்கும் தெரியும், ப்ரியங்காவின் பரீட்சை இன்னும் முடியவில்லை. ஆமாம் சிஸ்டர், கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்று சொல்.

உன் அம்மா,
செல்வம்மாள் மிக்கேல்