ரெக்சின் நாற்காலியும் ரோஜாப்பூத் திரையும்

சம்பந்தி,

காலையில் கிணற்றடியில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோல் சாலுக்குப் புங்கெண்ணெய் போட்டார்கள். வாசனை கூடம் வரைக்கும் வந்தது. உங்கள் கருமாதியும் முடிந்துவிட்டது. இதுவரை எனக்கு அழுகையும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன். வெற்றிலை கொடுத்தால் மெல்லுகிறேன். அந்த வாசனை வந்ததும் கை மட்டும் தானாக என் முதுகுக்குப் போனது. எண்ணெய் பட்டதென்னவோ உங்கள் முதுகில். என் முதுகைத் தடவி என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்றவனுக்கு நாகரிக ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்போல. உங்கள் மகனுக்கு என் மகளைப் பார்க்கப் பாப்பாரப்பட்டியிலிருந்து வருவதாக நீங்கள் சொல்லி அனுப்பிய அந்தச் சித்திரையில், கம்பைநல்லூரில் உள்ள என் வீட்டை ஒரு வக்கீல் வீடாக மாற்றிவிடத் தீர்மானித்தேன். தர்மபுரியில் ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்தை ஒரே தரம், அதுவும் வாசற்படியில் நின்றபடி பார்த்தவன் நான். அது போதாதா? சேலம் போய் ரெக்சின் தைத்த மெத்தை நாற்காலி ஒன்றும், பெரிய பெரிய ரோஜாப்பூ அச்சடித்த சீட்டித் துணியும் வாங்கி வந்தேன். துணி ஜன்னலுக்கு ஒரு ஜோடித் திரையானது. ஜமுக்காளத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றினேன்.

என் மனைவி வந்து பார்த்தாள். "வூட்டுக்கு ரவிக்கை தச்சுப் போட்டாப்பல இருக்குது."

"இதான் இப்ப பேஷன். உனக்கு என்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க. வர்றவங்களுக்கு இதுல உக்காரத் தெரிஞ்சா சரி."

அவளுக்கு வேறு பயம் இருந்தது. உங்கள் அக்கா சகுனம் பார்க்கிறவர். எதிரே எண்ணெய்க் குடம் வந்ததென்று, ஒரு பெண் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியைத் திருப்பியவர். ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போய், இதுவும் போனால் இனி யார் வருவார்கள் என்று இருந்தோம். ஆகவே வீட்டிலிருந்த எண்ணெய் அத்தனையையும், தலைக்குத் தடவுகிற கிண்ணம் உட்பட, வைக்கோல் போரில் ஒளித்துவிட்டாள். தெருவில் யாரும் எண்ணெயோடு நடக்கக்கூடாதென்று வீடு வீடாகச் சொல்லியும் வைத்தாள்.

நான் என்ன செய்தேன்? ரெக்சின் தோலைப் போலவே உழைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தோல் என்றால் எனக்குத் தெரிந்தது கவலைச் சால் ஒன்றுதான். வெடிக்காமலிருக்க அதற்குப் போடுகிற புங்கெண்ணெயை, முந்தின நாள் மாலை, கிணற்றடிப் புட்டியிலிருந்து நாற்காலிக்குத் தாராளமாகத் தேய்த்தேன். தோலாக இருந்தால் குடித்திருக்கும். ரெக்சின் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பளபளவென்று மின்னியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நீங்கள் வெள்ளைச் சட்டையில் வந்தீர்கள். நானே கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நன்றாகச் சாய்ந்தீர்கள். பிறகு கைப்பிடியை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய், என்னைப் பார்த்தீர்கள். உங்கள் சட்டைக் கழுத்தில் எண்ணெய் மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது. எதிரே உங்கள் அக்கா, என் மகளைத் தலை முதல் கால் வரை அளந்துகொண்டிருந்தவர், மூக்கைச் சுளித்தார்.

"என்னா தம்பி, எண்ணெ வாசம் அடிக்குது?"

"நம்ம வண்டி வாசங்க்கா. அச்சுல போட்டது துணியில ஏறிப்போச்சு."

அதற்கப்புறம் நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. இலை போட்டபோது முழங்கால் வலி என்றீர்கள். பலகாரம் நாற்காலிக்கே வந்தது. ஊறிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். நான் தூணோடு தூணாக நின்றேன்.

"எழுந்திரு தம்பி, வெயில் தாழ்ந்துபோச்சு" என்றார் அக்கா.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். அதுவரை "என்னாங்க" என்றுதான் கூப்பிட்டிருந்தீர்கள்.

"சம்பந்தி, அந்தப் பூத்துணி ரொம்ப அழகா இருக்குதுங்க. ஒண்ண இப்படி எடுத்தாங்க."

சம்பந்தி என்ற சொல் அக்கா காதிலும் விழுந்தது, உள்ளே என் மனைவி காதிலும் விழுந்தது. நான் ஜன்னலுக்குப் போனேன். ஒரு திரையைக் கம்பியிலிருந்து உருவி உங்கள் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். ரோஜாப்பூ குதிகால் வரை தொங்க, எழுந்து நின்றீர்கள்.

"பாத்தியா, மாப்பிள்ளைக்கு அப்பன்னு போர்வை போத்துறாங்க! மரியாதை தெரிஞ்ச வூடு" என்றார் உங்கள் அக்கா. சித்திரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டே பாப்பாரப்பட்டி போய்ச் சேர்ந்தீர்கள். வைகாசியில் கல்யாணம்.

அதற்கப்புறம் ஒருவரிடமும் நீங்கள் சொல்லவில்லை. நான் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வாங்கப்போகிறேன் என்றபோது மட்டும் காதருகே குனிந்து, "அதுக்கு என்னா எண்ணெ போடறதா உத்தேசம், சம்பந்தி?" என்று கேட்டீர்கள். அலமாரி வாங்கவில்லை. யுத்தத்தில் துணிக்குக் கட்டுப்பாடு வந்து, திரையைச் சட்டையாகத் தைத்துப் போட்டவர்கள் உண்டு. நீங்கள் அந்த ரோஜாப்பூத் திரையைப் பெட்டியிலேயே வைத்திருந்தீர்கள் என்பது, நீங்கள் போன அன்று கோடித் துணியோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். உங்கள் அக்காவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. என் மகளிடம் அதை எடுத்துவரச் சொல்லி, என்னிடம் நீட்டினார்.

"நீங்க போத்துனதுதானுங்களே. நீங்களே போத்தி அனுப்புங்க."

எத்தனை வெளுத்தும் போகாத கறை நடுவில் இருந்தது. அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துப் போர்த்தினேன். அக்கா பூக்களைத் தடவியபடி அழுதார். நானும் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயம் அவ்வளவாக வெளுக்கவில்லை, நல்ல துணிதான் வாங்கியிருக்கிறோம் என்று தோன்றியது. அது ஒன்றுதான் தோன்றியது.

ஜன்னலில் ஒற்றைத் திரை தொங்குகிறது. மற்றப் பாதியில் வெயில் வருகிறது. ரெக்சின் ஓரங்களில் உரிந்துவிட்டது. யாராவது அந்த நாற்காலியில் உட்காரப் போனால், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி முதுகுப் பக்கத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

காய்ந்துதான் இருக்கிறது.